இருபது ஷில்லிங் வழக்கு

தொகை சிறியதாயின் அதைப் பற்றி எழும் கேள்வியும் சிறியதாகிவிடுமா? பதினேழாம் நூற்றாண்டில் இங்கிலாந்தின் நாடாளுமன்ற உறுப்பினராக விளங்கிய ஜான் ஹாம்டனின் வாழ்க்கை இதற்கு விடை கூறுகின்றது.

ஹாம்டன் பக்கிங்காம்ஷயர் மாவட்டத்தில் பெருநிலம் உடையவர். 1621ஆம் ஆண்டில் முதன்முறையாக நாடாளுமன்ற உறுப்பினரானார். வரி விதிக்க நாடாளுமன்றத்தின் இசைவு வேண்டும் என்பது அந்நாட்டின் நெடுநாள் மரபு. மன்னர் முதலாம் சார்லஸ் அம்மரபைப் பேணவில்லை. மன்னர் கேட்ட கட்டாயக் கடனைக் கொடுக்க மறுத்தமையால் 1627இல் ஹாம்டன் சிறை புகுந்தார். 1629இல் நாடாளுமன்றத்தைக் கலைத்த மன்னர், 1640 வரை அதனை மீண்டும் கூட்டவேயில்லை.

நாடாளுமன்றம் இன்றிப் பணம் திரட்டுவது எங்ஙனம்? ஆபத்துக் காலத்தில் கடற்கரை ஊர்கள் அரசருக்குக் கப்பல் தந்து உதவுவது பழைய வழக்கம். அதனைக் காரணம் காட்டி, 1635இல் கடலோரமில்லா உள்நாட்டு மாவட்டங்களிலும் ‘கப்பற்பணம்’ கேட்கப்பட்டது. ஹாம்டனின் நிலம் ஒன்றிற்கு விதிக்கப்பட்டது 20 ஷில்லிங். செல்வரான அவருக்கு அது பெருந்தொகையன்று. எனினும் அவர் செலுத்த மறுத்தார்; நீதிமன்றத்தில் வழக்காடினார். இன்று 20 ஷில்லிங்கை இசைவின்றி வாங்குபவர், நாளை எதைத்தான் வாங்கமாட்டார் என்பதே வழக்கின் உட்பொருள்.

1638இல் தீர்ப்பு வந்தது. நீதிபதிகள் பன்னிருவரும் மன்னரால் அமர்த்தப்பட்டவர்களே. எழுவர் மன்னர் பக்கமும் ஐவர் ஹாம்டன் பக்கமும் நின்றனர். ஹாம்டன் தோற்றார், ஆயினும் அவர் புகழ் நாடெங்கும் பரவியது. 1641இல் நாடாளுமன்றம் கப்பற்பணத்தைச் சட்டவிரோதமானதென்று ஒழித்தது.

1642 ஜனவரி 4ஆம் நாள், ஹாம்டன் உள்ளிட்ட ஐந்து உறுப்பினர்களைக் கைது செய்ய மன்னர் படைவீரர்களுடன் மக்களவைக்கு வந்தார். ஐவரும் முன்னரே வெளியேறியிருந்தனர். அவ்வாண்டே உள்நாட்டுப் போர் மூண்டது. 1643 ஜூன் 18ஆம் நாள் சால்குரோவ் போர்க்களத்தில் படுகாயமுற்ற ஹாம்டன், ஆறு நாள் கழித்துத் தேம் என்னும் ஊரில் உயிர் நீத்தார்.

நாடாளுமன்றத்தின் இசைவின்றி மன்னர் வரி திரட்டலாகாது என்பது 1689இல் அங்கே சட்டமாயிற்று. மலேசியாவிலும், சட்டத்தின் அதிகாரமின்றிக் கூட்டரசு வரி விதிக்கலாகாது என்று நமது அரசியலமைப்பின் 96ஆவது பிரிவு விதிக்கின்றது. அச்சட்டங்களை இயற்றும் அவைக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுத்து அனுப்புவது நம் வாக்குரிமையே.

சிந்திக்க:
1. தமக்குச் சுமையல்லாத தொகையைச் செலுத்த ஹாம்டன் மறுத்தது ஏன்?
2. வழக்கில் தோற்றவரை மக்கள் போற்றியதற்குக் காரணம் யாது?