மூலைமட்டத்துக்குத் தப்பாத மூன்று செய்திகள்

இலுப்பூர்ப் பக்கம் வீடு கட்ட வானம் தோண்டுமுன் கொத்தனார் கயிறு பிடித்து மூலைமட்டம் பார்ப்பார். ஒரு பக்கம் 3 அடி, மறுபக்கம் 4 அடி. குறுக்கே சரியாக 5 அடி வந்தால் மூலை நேர். கணித வரலாறு என்று வாட்ஸ்அப்பில் சுற்றும் செய்திகளுக்கும் இப்படி ஒரு மட்டம் வேண்டும்.

நம்பிக்கை 1: போதையனார் என்ற தமிழ்ப் புலவர், வர்க்கமூலமே இல்லாமல் செங்கோண முக்கோணத்தின் கர்ணம் காணும் வழியைப் பாட்டாகச் சொல்லிவிட்டார்.

உண்மை: நீளத்தில் எட்டில் ஒரு பங்கைத் தள்ளி, மீதியோடு உயரத்தில் பாதியைக் கூட்டு என்பதே அந்த வழி. 8, 6 என்றால் 7 + 3 = 10; சரி. 12, 5 என்றால் 10.5 + 2.5 = 13; இதுவும் சரி. ஆனால் 4:3, 12:5 என்ற இரண்டே விகிதங்களுக்குத்தான் அது துல்லியமாகப் பொருந்தும். 20 அடிக்கு 20 அடி அறைக்கு அது தரும் குறுக்களவு 27.5 அடி, உண்மையான அளவு ஏறத்தாழ 28.28 அடி. ஒன்பது அங்குலத்துக்கு மேல் குறைகிறது! நம்பிச் சுவர் எழுப்பினால் அறை கோணிக்கொள்ளும். ஆலை இல்லாத ஊருக்கு இலுப்பைப் பூ சர்க்கரை. தோராயத்துக்கு ஆகும், தேற்றத்துக்கு ஆகாது.

நம்பிக்கை 2: செங்கோண முக்கோணத்தின் கர்ணத்தைத் தரும் தேற்றத்தைக் கண்டுபிடித்தவர் பிதாகரஸ்.

உண்மை: பிதாகரஸ் கி.மு. 6ஆம் நூற்றாண்டுக்காரர். அவருக்கு ஆயிரம் ஆண்டுக்கும் முன்பே பாபிலோனியர் 3, 4, 5 போல இந்தத் தேற்றத்துக்குப் பொருந்தும் எண்களைக் களிமண் பலகையில் பட்டியலிட்டுவிட்டார்கள். வேள்விமேடை அமைக்கும் முறைகளைச் சொல்லும் போதாயனரின் வடமொழிச் சுல்ப சூத்திரத்திலும் இந்த விதி இருக்கிறது. பிதாகரஸ் எழுதியதாக ஒரு வரிகூட இன்று நம்மிடம் இல்லை.

நம்பிக்கை 3: ௰ என்பது ஒன்றும் பூஜ்யமும் சேர்ந்த பழந்தமிழ் எழுத்து.

உண்மை: ௰ என்பது பத்துக்கான தனிக்குறி, ௱ நூறு, ௲ ஆயிரம். பழைய முறையில் 1729ஐ ௲௭௱௨௰௯ என்று எழுதுவார்கள். ஆயிரம், ஏழு நூறு, இரண்டு பத்து, ஒன்பது என்று வாயால் சொல்வதுபோலவே வரும். பூஜ்யத்துக்கு அங்கே வேலையே இல்லை. யூனிகோடில் தமிழ்ப் பூஜ்யம் சேர்ந்தது 2005இல்தான்.

நம் முன்னோரின் கெட்டிக்காரத்தனம் வேறிடத்தில் இருந்தது. மா என்றால் 1/20, காணி 1/80, முந்திரி 1/320. இந்தப் பின்னங்களை வைத்துக்கொண்டு நிலத்தையும் நெல்லையும் கணக்குப் பார்த்தார்கள். காரிநாயனாரின் கணக்கதிகாரம் அந்த மரபில் வந்த நூல். இவ்வளவு கையில் இருக்க, பொய்ப் பெருமை எதற்கு?

அடுத்த முறை அப்படியொரு சூத்திரம் வந்தால், அனுப்புமுன் ஒரு சதுரம் வரைந்து குறுக்கே அளந்து பாருங்கள்.