சிலி வெடியுப்பு: பாலைவனச் சுரங்கம் புகட்டும் பாடம்

தென் அமெரிக்காவில், சிலி நாட்டின் வடபகுதியிலுள்ள அட்டகாமா பாலைவனம் உலகின் மிக வறண்ட நிலங்களுள் ஒன்று. ‘சிலி வெடியுப்பு’ எனப்படும் சோடியம் நைட்ரேட் நீரில் எளிதிற் கரைவது. ஆகவே மழை மிகுந்த நாடுகளில் அது மண்ணில் தங்குவதில்லை. அட்டகாமாவிலோ, பெரும்பாலும் காற்று மண்டலத்திலிருந்து படிந்த நைட்ரேட், பல இலட்சம் ஆண்டுகள் கழுவப்படாமல் சேர்ந்து, நிலத்தின் மேற்பரப்பை அடுத்து ‘காலிச்சே’ என்னும் கெட்டிப் படிவமாயிற்று.

தொழிலாளர் இப்படிவத்தை வெடிவைத்துத் தகர்த்தனர். நொறுக்கிய கல்லை வெந்நீரில் கரைத்து, கரைசலைக் குளிர்வித்து உப்பைப் பிரித்தனர். உரத்திற்கும் வெடிமருந்திற்கும் இது இன்றியமையாததாக விளங்கியது. இவ்வளத்தை முன்னிட்டு 1879-இல் சிலிக்கும், பெரு, பொலிவியா நாடுகளுக்கும் போர் மூண்டது. வென்ற சிலியின் அரசு வருவாயில் ஒரு கட்டத்தில் ஏறத்தாழப் பாதி, வெடியுப்பு ஏற்றுமதி வரியாகவே கிடைத்தது. தொழிலாளருக்கோ, சுரங்க நிறுவனத்தின் கடையில் மட்டுமே செல்லும் வில்லைகள் கூலியாக வழங்கப்பட்டன.

1913-இல் ஜெர்மனியின் ஓப்பாவ் ஆலை, காற்றிலுள்ள நைட்ரஜனைக் கொண்டு அம்மோனியா உற்பத்தியைத் தொடங்கியது. செயற்கை உரம் பரவியது. 1929-இல் தொடங்கிய பொருளாதார மந்தமும் சேர்ந்துகொண்டது. சுரங்க ஊர்கள் ஒன்றன்பின் ஒன்றாக வெறிச்சோடின. ஹம்பர்ஸ்டன் 1960-இல் மூடப்பட்டது. 2005-இல் அது உலகப் பாரம்பரியச் சின்னமாயிற்று.

படிவம் தீர்ந்துவிடவில்லை, அயோடினுக்காகவும் நைட்ரேட்டுக்காகவும் அட்டகாமாவில் காலிச்சே இன்றும் வெட்டப்படுகிறது. தீர்ந்தது, சிலி வெடியுப்புக்கு இருந்த தனியுரிமைச் சந்தையே. ஒரே கனிமத்தை நம்பியுள்ள வட்டாரங்களில், வருவாய் பெருகும் காலத்திலேயே மாற்றுத் தொழில்களுக்கும் தொழிலாளரின் பயிற்சிக்கும் வழிவகுப்பது திட்டமிடுவோரின் கடமையாகும்.