அசைபோடும் மனம்

பாறசாலைச் சந்தையில் நின்றால் ஒரு காதில் தமிழ், ஒரு காதில் மலையாளம். எல்லைக்கு அந்தப் பக்கம் களியக்காவிளை. 1956இல் மாநிலங்களைப் பிரித்தபோது நெய்யாற்றின்கரை தாலுகா கேரளத்தில் நின்றது. தமிழ் பேசும் குடும்பங்கள் பலவும் அங்கேயே நின்றன.

அப்படி ஒரு வீட்டை நினைத்துப் பாருங்கள். கணவர் வளைகுடா நாட்டில் வேலை செய்கிறார். ஒரு நாள் இரவு அவர் போன் எடுக்கவில்லை. மனைவிக்கு நெஞ்சு படபடக்கிறது. "விபத்தா? வேலை போயிற்றா? கடனை எப்படி அடைப்பேன்?" விடியும்வரை தூக்கம் இல்லை. இப்படி நாள்தோறும் நடந்தால் அது பதற்ற நோய்.

காலையில் போன் வருகிறது. இரவில் கூடுதல் வேலையாம். ஆனாலும் அவள் மனம் தெளியவில்லை. "இதற்கெல்லாம் பயப்படுகிறேனே, நான் எதற்கும் லாயக்கில்லாதவள்" என்று நினைக்கிறாள். நாள் போகப் போக அடுப்புப் பற்றவைக்கவும் மனமில்லை. பிள்ளை பள்ளிக்குப் போனதா என்றுகூடக் கேட்பதில்லை. இது மனச்சோர்வு.

இரண்டும் வேறு வேறு நோய். ஆனால் பலருக்குச் சேர்ந்தே வருகின்றன. வறுமை, இழப்பு, வீட்டில் அடி உதை, பரம்பரை எனக் காரணங்கள் பல. நாம் நினைக்கும் விதமும் ஒரு காரணம். 1960களில் அமெரிக்க மனநல மருத்துவர் ஆரோன் பெக் இதைக் கவனித்து எழுதினார். பதற்றத்தில் மனம், "இனி என்ன ஆகுமோ" என்கிறது. சோர்வில், "எல்லாம் முடிந்தது" என்கிறது.

பசு அசைபோட்டால் தீனி செரிக்கும். மனம் அசைபோட்டால் ஒன்றும் செரிப்பதில்லை. "எனக்கு மட்டும் ஏன் இப்படி?" என்று நூறு முறை கேட்டாலும் பதில் வராது. இந்தப் பழக்கம் இரண்டு நோய்க்கும் கதவைத் திறந்துவிடும். இன்னொன்றும் உண்டு. 'தெரியவில்லை' என்பதைச் சிலரால் தாங்க முடியாது. தெரியாத இடத்தை அவர்கள் மனம் கெட்ட செய்தியால் நிரப்பிவிடும்.

பக்கத்து வீட்டுப் பெண் கேட்கிறாள்: "மைனி, அண்ணன் முந்தியும் போன் எடுக்காம இருந்திருக்காவல்லா? அப்ப என்ன ஆச்சு?"

"ஒண்ணும் ஆகல்ல."

மருத்துவரும் இப்படித்தான் கேட்பார். நினைப்பை நிறுத்து என்று சொல்லமாட்டார். அந்த நினைப்புக்குச் சாட்சி என்ன என்று கேட்பார். தேவைப்பட்டால் மாத்திரையும் தருவார். "தைரியமாக இரு" என்று சொல்லிப் பயனில்லை. சொல்பவருக்குத்தான் அது எளிது.

இரண்டு வாரத்துக்கு மேல் இப்படி இருந்தால் அரசு மருத்துவமனைக்குப் போங்கள். 14416 என்ற எண்ணுக்குப் போனும் செய்யலாம். இது டெலி மானஸ். 2022இல் மத்திய அரசு தொடங்கியது. காசு வேண்டாம். நடு இரவிலும் பேசலாம், தமிழிலும் பேசலாம். சாக வேண்டும் என்று ஒருவர் சொன்னால் இரண்டு வாரம் காத்திருக்காதீர்கள். அன்றே போன் செய்யுங்கள். அவரைத் தனியே விடாதீர்கள்.