வீட்டுக்குள் சைக்கிள் பந்தயம்: திரையில் தெரியும் எண் சரிதானா?

கம்ப்யூட்டர் வாங்கிய புதிதில் நாம் எல்லோரும் ஒரு தவறு செய்வோம். திரையில் ஓர் எண் தெரிந்தால் அது சரியாகத்தான் இருக்கும் என்று நம்பிவிடுவோம். "கம்ப்யூட்டரே சொல்லுது சார்!" என்று மற்றவர்களிடம் வாதம் கூடச் செய்வோம். நான் பொறியியல் படித்தவன். ஆறு வருடங்களாக சாப்ட்வேர் எழுதிச் சம்பளம் வாங்குபவன். நானும் அந்தத் தவறைச் செய்தேன். அதனால் ஒரு நல்ல மனிதர் அறுபதாயிரம் ரூபாயை வீணாகச் செலவு செய்ய இருந்தார். அந்தக் கதையோடு சேர்த்து, கம்ப்யூட்டருக்கு டேட்டா எப்படிப் போகிறது, அது எங்கே தவறாகிறது என்பதையும் இந்தக் கட்டுரையில் பார்ப்போம்.

இது என்ன விளையாட்டு?

உங்கள் சொந்த சைக்கிளை "டிரெய்னர்" என்ற கருவியில் பொருத்துகிறீர்கள். நீங்கள் மிதித்தால் பின்சக்கரம் சுழலும், சைக்கிள் நகராது. டிரெய்னரில் உள்ள சென்சார் நீங்கள் எவ்வளவு பலமாக மிதிக்கிறீர்கள் என்பதை அளந்து, புளூடூத் அல்லது ஆன்ட் பிளஸ் என்ற கம்பியில்லா முறையில் கம்ப்யூட்டருக்கு அனுப்பும். கம்ப்யூட்டரில் உள்ள சாப்ட்வேர் அதை வைத்துத் திரையில் ஒரு பொம்மை வீரரை ஓட்டும். இன்டர்நெட் வழியாக உலகின் பல மூலைகளில் இருப்பவர்கள் ஒரே சாலையில் போட்டியிடலாம்.

இந்த வகை சாப்ட்வேர்களில் மிகவும் பெயர் பெற்றது ஸ்விஃப்ட். (மாருதி கார் இல்லை!) அமெரிக்காவில் கலிபோர்னியா மாநிலத்தின் லாங் பீச் நகரைச் சேர்ந்த நிறுவனம் இதை நடத்துகிறது. இதைப் பொழுதுபோக்கு என்று மட்டும் நினைத்துவிடாதீர்கள். சர்வதேச சைக்கிள் சங்கம் 2020 டிசம்பர் 9 அன்று இதில் முதல் உலக சாம்பியன் போட்டியையே நடத்தியது. ஆண்கள் பிரிவில் ஜெர்மனியின் ஜேசன் ஆஸ்போர்ன், பெண்கள் பிரிவில் தென்னாப்பிரிக்காவின் ஆஷ்லி மூல்மன்-பாசியோ வென்றார்கள். ஆஸ்போர்ன் அடிப்படையில் ஒரு துடுப்புப் படகு வீரர் என்பது சுவையான செய்தி.

என் கதை

எங்கள் அலுவலகத்தில் ஏழு பேர் ஞாயிறு காலை ஆறு மணிக்கு அவரவர் வீட்டில் இருந்தபடியே ஒன்றாக ஓட்டுவோம். ஸ்விஃப்டில் ஒரு மலைச்சாலை உண்டு. பிரான்சின் ஆல்ப் டூயெஸ் மலையைப் பார்த்து அமைத்தது. 12.2 கி.மீ. தூரம், 1,036 மீட்டர் ஏற்றம், 21 கொண்டை ஊசி வளைவுகள். மாதம் ஒருமுறை அதில்தான் எங்கள் பந்தயம்.

எங்களில் மூத்தவர் ஒருவர் இருக்கிறார். ஐம்பதை நெருங்கும் வயது. தினமும் விடாமல் பயிற்சி செய்பவர். முதல் வருடம் முழுக்க அவர்தான் முதலில் வருவார். பிறகு நான் அவரை முந்த ஆரம்பித்தேன். கொஞ்சமாக இல்லை, ஐந்து ஆறு நிமிட வித்தியாசத்தில்! "எனக்கு வயசாயிடுச்சு போல தம்பி" என்றார். நான் அவருக்கு ஆறுதல் சொல்வதாக நினைத்து, "அப்படி இல்லண்ணே, உங்க டிரெய்னர் குறைச்சுக் காட்டுதுன்னு நினைக்கிறேன்" என்று சொல்லிவைத்தேன். அந்த வார்த்தைதான் வினையாகிவிட்டது. அவர் நல்ல நிலையில் இருந்த தன் டிரெய்னரை விற்றுவிட்டு, அறுபதாயிரம் ரூபாய்க்குப் புதிது வாங்க முடிவு செய்துவிட்டார்.

வாங்குவதற்கு முன் எதற்கும் சோதித்துப் பார்த்துவிடலாம் என்று, மிதிக்கும் சக்தியை அளக்கும் பெடல் ஒரு ஜோடியை நண்பரிடம் இரவல் வாங்கினார். அவருடைய சைக்கிளில் பொருத்திப் பார்த்தார். அவர் டிரெய்னர் சரியாக இருந்தது. "நீயும் ஒருமுறை போட்டுப் பாரு தம்பி" என்று பெடலை என்னிடம் தந்தார்.

போட்டுப் பார்த்தேன். பெடல் 200 வாட் என்றது. அதே நேரத்தில் என் டிரெய்னர் 218 வாட் என்றது!

வாட் என்றால் என்ன?

பல்புக்குச் சொல்கிறோமே, அதே வாட்தான். ஒரு வினாடியில் செலவாகும் ஆற்றலின் அளவு. சைக்கிளில், பெடலை எவ்வளவு விசையோடு மிதிக்கிறோம், எவ்வளவு வேகமாகச் சுற்றுகிறோம் என்ற இரண்டையும் சேர்த்து இது கணக்கிடப்படுகிறது. பெடலில் தரும் சக்தியில் ஒரு சிறு பகுதி செயினிலேயே உராய்வால் வீணாகும். எனவே, பெடல் காட்டும் எண்ணைவிட டிரெய்னர் காட்டும் எண் சற்றுக் குறைவாக இருப்பதுதான் நியாயம். என் வீட்டில் தலைகீழாக இருந்தது.

ஏன் தவறாகக் காட்டியது?

என்னுடையது டயரை ஓர் உருளை அழுத்தும் வகை டிரெய்னர். டயருக்கும் உருளைக்கும் இடையே உள்ள உராய்வும் கணக்கில் சேர வேண்டும். அதற்காக "ஸ்பின் டவுன்" என்று ஒரு சோதனை உண்டு. ஒரு குறிப்பிட்ட வேகம் வரை மிதித்துவிட்டு, காலை நிறுத்திவிட வேண்டும். சக்கரம் நிற்க எவ்வளவு நேரம் ஆகிறது என்பதை வைத்து உராய்வை டிரெய்னர் தெரிந்துகொள்ளும்.

நான் வாங்கிய அன்று உருளையை இறுக்கமாக வைத்து இந்தச் சோதனையைச் செய்தேன். பிறகு டயர் மாற்றியபோது உருளையைத் தளர்த்தி வைத்துவிட்டேன். சோதனையைத் திரும்பச் செய்யவில்லை. உண்மையான உராய்வு குறைந்துவிட்டது. டிரெய்னரோ பழைய உராய்வையே சேர்த்துக் கணக்குப் போட்டது. நான் செய்யாத வேலைக்கும் சேர்த்து எனக்கு மதிப்பெண் கிடைத்தது. யோசித்துப் பார்த்தால், டயர் மாற்றிய மாதத்தில் இருந்துதான் நான் ஜெயிக்க ஆரம்பித்திருந்தேன்.

இன்னொரு விஷயமும் அப்போதுதான் உறைத்தது. சாப்ட்வேரை நிறுவிய அன்று என் எடையை 66 கிலோ என்று பதிவு செய்திருந்தேன். எடை இயந்திரத்தில் ஏறி நின்றால் 71!

எடைக்கும் பந்தயத்துக்கும் என்ன சம்பந்தம்?

நிறையவே உண்டு. மேட்டில் ஏறும்போது நம் எடையை நாமேதான் தூக்கிச் செல்கிறோம். திரையில் தெரியும் மலைக்கு நம் எடை தெரியாது. நாம் தட்டச்சு செய்த எண்ணைத்தான் சாப்ட்வேர் எடுத்துக்கொள்ளும்.

நீங்களே கணக்குப் போட்டுப் பாருங்கள். ஸ்டார்ட் பட்டனை அழுத்தி கால்குலேட்டரைத் திறந்துகொள்ளுங்கள். ஒருவர் எடை 70 கிலோ, சைக்கிள் 8 கிலோ, மொத்தம் 78. இதை 9.81 என்ற புவியீர்ப்பு எண்ணால் பெருக்கி, ஏறும் உயரமான 1,036-ஆல் பெருக்குங்கள். சுமார் 7,92,700 வரும். இது தேவைப்படும் ஆற்றல். அவர் 210 வாட் தருகிறார் என்றால், 210-ஆல் வகுங்கள். 3,775 வினாடி, அதாவது ஏறக்குறைய 63 நிமிடம். (காற்றின் தடையையும் சாலை உராய்வையும் எளிமைக்காக விட்டுவிட்டேன். அவற்றைச் சேர்த்தால் இன்னும் சில நிமிடம் கூடும்.)

இப்போது எடையை மட்டும் 65 என்று மாற்றி, மொத்தம் 73 கிலோவுக்கு அதே கணக்கைப் போடுங்கள். 3,533 வினாடிதான் வரும். 5 கிலோ குறைத்து எழுதியதற்கு நான்கு நிமிட லாபம்! அடுத்து, எடையைப் பழையபடி 78 என்றே வைத்து, வாட் அளவு மட்டும் 5 சதவீதம் கூடுதலாகக் காட்டுகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். 220.5-ஆல் வகுத்தால் 3,595 வினாடி. மூன்று நிமிட லாபம். என்னிடம் இரண்டு தவறும் சேர்ந்தே இருந்தன.

வாட் அளவை எடையால் வகுத்து வருவதுதான் வீரரின் திறன் எண். ஸ்விஃப்டில் பல ஆண்டுகள் இதை வைத்துத்தான் பிரிவுகளைப் பிரித்தார்கள். 4.0-க்கு மேல் ஏ, 3.2 முதல் பி, 2.5 முதல் சி, அதற்குக் கீழே டி. என் டிரெய்னர் கணக்கில் 218-ஐ 66-ஆல் வகுத்தால் 3.3. உண்மையில் 200-ஐ 71-ஆல் வகுத்தால் 2.8. நான் சி பிரிவு ஆள், பி பிரிவு வேஷத்தில் இருந்திருக்கிறேன்!

தெரிந்தே செய்பவர்களும் உண்டு

என்னுடையது கவனக்குறைவு. வேண்டுமென்றே செய்தவர்களும் இருக்கிறார்கள். 2019-ல் பிரிட்டனின் முதல் தேசிய மின்பந்தயத்தில் வென்ற கேமரன் ஜெஃபர்ஸ் என்பவரின் பட்டம் அதே ஆண்டு அக்டோபரில் பறிக்கப்பட்டது. 250 பவுண்டு அபராதம், ஆறு மாதத் தடை. பந்தயத்தில் அவர் தன் காலால்தான் மிதித்தார். ஆனால், அவர் ஓட்டிய வேகமான மெய்நிகர் சைக்கிள், மொத்தம் 50,000 மீட்டர் ஏறியவர்களுக்குத்தான் கிடைக்கும். அந்த ஏற்றத்தை அவர் மிதித்து ஏறவில்லை. ஒரு கம்ப்யூட்டர் புரோகிராம் மிதிப்பது போலப் பொய் டேட்டாவை அனுப்பி ஏற்றியது.

பெரிய போட்டிகளில் டிரெய்னர் ஒரு பதிவு, இன்னொரு சக்தி அளவி ஒரு பதிவு என இரண்டு பைல்களைக் கேட்கிறார்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். 2020 நவம்பரில், இந்த இரண்டாவது பைலைத் திருத்தி அனுப்பியதாக இரண்டு வீராங்கனைகளுக்கு ஸ்விஃப்ட் ஆறு மாதத் தடை விதித்தது. பைலைத் திருத்தினால் தடயம் இருக்கும் என்பதைப் புதியவர்கள் நினைவில் வைத்துக்கொள்ள வேண்டும்.

2020 உலகப் போட்டியில் எல்லா வீரர்களுக்கும் ஒரே மாடல் டிரெய்னரை வீட்டுக்கே அனுப்பினார்கள். 2024-ல் இன்னும் ஒரு படி மேலே போய், இறுதிப் போட்டியாளர்களை அபுதாபியில் ஒரே இடத்தில் கூட்டி ஓட வைத்தார்கள். கடையில் தராசுக்கு முத்திரை வைக்கிறார்களே, அது போலத்தான். கடைக்காரர் நல்லவராக இருக்கலாம். ஆனாலும் தராசைக் குறித்த காலத்தில் சோதித்தே ஆக வேண்டும்.

நீங்கள் செய்ய வேண்டியவை

1. எடையையும் உயரத்தையும் சரியாகப் பதிவு செய்யுங்கள். மாதம் ஒருமுறையாவது எடை பார்த்து மாற்றுங்கள். காற்றுத் தடையைக் கணக்கிட உயரமும் பயன்படுகிறது.

2. டயர் உருளை வகை டிரெய்னர் என்றால், டயரில் ஒவ்வொரு முறையும் ஒரே அளவு காற்று வையுங்கள். உருளையை ஒரே அளவு இறுக்குங்கள். பத்து நிமிடம் ஓட்டி டயர் சூடான பிறகு ஸ்பின் டவுன் செய்யுங்கள். டயர் மாற்றினால் கட்டாயம் செய்யுங்கள்.

3. ஆன்ட் பிளஸ் முறைக்குக் கம்ப்யூட்டரில் ஒரு சிறிய யூ.எஸ்.பி. ஸ்டிக் செருக வேண்டும். நடுநடுவே வாட் பூஜ்யமாகிறது என்றால், யூ.எஸ்.பி. நீட்டிப்பு கேபிள் மூலம் அதை டிரெய்னருக்கு அருகில் கொண்டுவாருங்கள். வைபை ரூட்டரும் இதே 2.4 கிகாஹெர்ட்ஸ் அலைவரிசையைப் பயன்படுத்துவதால் இடையூறு வரலாம். ரூட்டரைச் சற்றுத் தள்ளி வையுங்கள்.

4. இடது காலை மட்டும் அளந்து இரண்டால் பெருக்கும் சக்தி அளவிகளும் உண்டு. இரண்டு கால்களின் பலமும் சமமாக இல்லாவிட்டால் விடை தவறும்.

5. வாய்ப்புக் கிடைத்தால் இரண்டு கருவிகளை ஒப்பிடுங்கள். நிமிடத்துக்கு ஒருமுறை இரண்டு எண்களையும் குறித்து, எக்ஸெல்லில் இரண்டு நெடுவரிசைகளில் இடுங்கள். மூன்றாவதில் ஒன்றை மற்றொன்றால் வகுத்துப் பாருங்கள். வித்தியாசம் ஒரே சீராக இருந்தால் அளவுத் திருத்தம் செய்தால் போதும். தாறுமாறாக இருந்தால் கருவியில் கோளாறு.

6. திடீரென்று உங்கள் திறன் கூடிவிட்டால் சந்தோஷப்படுங்கள். ஆனால், அன்றே ஒருமுறை கருவியைச் சோதியுங்கள். தோற்றால் மட்டும்தான் நாம் கருவியைச் சந்தேகிக்கிறோம், ஜெயித்தால் சந்தேகிப்பதில்லை. நான் அப்படித்தான் இருந்தேன்.

பிறகு என்ன ஆனது?

உருளையை இறுக்கி, சோதனையைத் திரும்பச் செய்தேன். பெடல் 200 காட்டியபோது டிரெய்னர் 196 காட்டியது. அதுதான் சரி. எடையையும் 71 என்று மாற்றினேன்.

அலுவலகத்தில் தினமும் மற்றவர்கள் தட்டச்சு செய்யும் எண்களைச் சோதிக்க புரோகிராம் எழுதுகிறேன். குப்பையைப் போட்டால் குப்பைதான் வரும் என்று புதிதாகச் சேரும் பையன்களுக்குப் பாடமும் எடுக்கிறேன். என் வீட்டில் நானே போட்ட எண்ணை ஒருமுறைகூடச் சோதிக்கவில்லை. அன்று மாலையே மூத்தவருக்கு போன் செய்தேன். "அண்ணே, குறைச்சுக் காட்டினது உங்க டிரெய்னர் இல்ல. கூட்டிக் காட்டினது என்னோடது. மன்னிச்சிடுங்க" என்றேன்.

சற்று நேரம் பேச்சே இல்லை. பிறகு சிரித்தார். "அப்போ அறுபதாயிரம் மிச்சம்னு சொல்லு. எனக்கு வயசும் ஆகல!"

குழுவில் எல்லோருக்கும் விஷயத்தைச் சொல்லி, அந்த மாதங்களின் பட்டியலில் இருந்து என் பெயரை எடுக்கச் சொல்லிவிட்டேன். அடுத்த பந்தயத்தில் மலை உச்சிக்கு ஐந்தாவதாக வந்தேன். அவர் முதலாவது. கால் நன்றாகவே வலித்தது. ஆனால், அந்த 196 வாட்டும் நான் மிதித்தது.

கம்ப்யூட்டர் கணக்கில் தவறு செய்வது அபூர்வம். நாம் அதற்குக் கொடுக்கும் டேட்டாதான் பெரும்பாலும் தவறு. சைக்கிள் ஓட்டாதவர்களுக்கும் இது பொருந்தும். அடுத்த முறை திரையில் ஓர் எண்ணைப் பார்த்தால், அது எங்கிருந்து வந்தது என்று ஒரு நிமிடம் யோசியுங்கள்.