பொன் தேடாத புலவர்

மேல்வகுப்பு மாணாக்கர் ஒருவர் அண்மையில் எம்மிடம், "தான் படாத பாட்டைப் பாடுதல் பொய்யாகாதா, ஐயா?" என வினவினார். விடை முற்றுமுன் மணி ஒலித்துவிட்டது. எஞ்சியதை இம்மலரிலே கூறுகின்றோம். அதற்கு யாம் தேர்ந்தவர், வடகனடாவின் யூக்கொன் காட்டுநிலத்தைப் பாடிய ஆங்கிலப் புலவர் றொபேட் சேவிஸ்.

1896ஆம் ஆண்டு ஆகஸ்து மாதத்தில் ஆங்குள்ள குளொண்டைக் ஆற்றை அடுத்த ஓடையொன்றிற் பொன் கண்டனர். ஏறத்தாழ ஓரிலட்சம் பேர் அதனை நாடிப் புறப்பட்டனர். ஓராண்டுக்கு வேண்டிய உணவும் கருவியும் இன்றி எவரையும் கனடாக் காவலர் எல்லை கடக்க விடவில்லை. ஒருவர் சுமை ஒரு தொன் அளவினதாயிற்று. பனி மூடிய கணவாயிலே அதனைச் சிறுசிறு பொதியாக முதுகிற் சுமந்து பன்முறை ஏறி இறங்கினர். பொருள்வயிற் பிரிவைப் பாலைத்திணையிற் கற்ற எமக்கு இக்காட்சி புதிதன்று. வெயிலின் இடத்திற் பனி, அவ்வளவே.

சேவிஸ் இக்கூட்டத்தைச் சேர்ந்தவரல்லர். 1874இல் இங்கிலாந்தின் பிறஸ்ரன் நகரிற் பிறந்து, ஸ்கொத்லாந்தில் வளர்ந்து, இளமையிற் கனடா சென்று பல தொழில் செய்து அலைந்தவர். வங்கி இலிகிதராக யூக்கொனுக்கு மாற்றம் பெற்றது 1904இல். பொன்வேட்கை தணிந்து சில ஆண்டுகள் கழிந்திருந்தன. எஞ்சியோர் பழங்கதை கூறினர், இவர் செவிமடுத்தார். ஓய்வு வேளைகளிலே காட்டிடைத் தனியே நடந்தார்.

சாம் மக்கீ என்பானின் தகனம் பற்றிய கதைப்பாட்டு இவ்வாறு பிறந்ததே. குளிருக்கு அஞ்சிய ஒருவன், தன்னுடலை எரிக்குமாறு தோழனிடம் வாக்குப் பெற்று இறக்கின்றான். தோழன் பிணத்தைச் சறுக்குவண்டியிற் கட்டிப் பனிவெளியிலே இழுத்துச் சென்று, பழுதுபட்ட கப்பலொன்றின் கொதிகலத்திலே தீமூட்டுகின்றான். முடிவோ நகை விளைப்பது. அதனைக் கூறிப் படிப்போர் இன்பத்தைக் கெடுக்கமாட்டோம். கதை கேட்டது, தலைவன் பெயரும் வங்கிக் கணக்கேட்டிற் கண்டது. ஆனால் பிணத்தோடு செல்வானைச் சூழ்ந்த இரவும் அமைதியும் புலவர் தாமே உணர்ந்தவை. நிலமும் பொழுதும் முதற்பொருள் என்பது தொல்காப்பிய நெறி. சேவிஸ் பிறர் துயரைக் கேட்டறிந்தார். முதற்பொருளைக் கடன் வாங்கவில்லை. பொய்யென்று யாம் சொல்லத் துணியாமைக்கு இதுவே காரணம்.

யூக்கொனின் மயக்கைப் பாடும் பிறிதொரு பாட்டிலே, பொன் பெற்றவன் நிறைவு பெறாது அந்த நிலத்தையே மீண்டும் அவாவுகின்றான்.

1907இல் முதல் நூலைத் தம் செலவிலே அச்சிட முயன்றார். அச்சகத்தார் பணத்தைத் திருப்பி அனுப்பித் தாமே வெளியிட்டனர். 1909இல் வங்கித் தொழிலை விட்டார். 1912இல் யூக்கொனையும் நீங்கினார். முதல் உலகப்போரிலே செஞ்சிலுவை வண்டி ஓட்டிய அனுபவம் 1916இல் ஒரு நூலாயிற்று. 1958இற் பிரான்சிலே காலமானார்.

இவர் செய்தது வெறும் செய்யுள், கவிதையன்று என்பார் உளர். முரசுபோல் ஓயாது ஒலிக்குஞ் சந்தம் சிலவிடத்து எமக்கும் சலிப்பே. அந்நிலத்துத் தொல்குடியினர்க்கு இவர் பாட்டில் இடம் மிகக் குறைவு என்பதையும் மறைத்தல் தகாது. சேவிஸோ தம் படைப்பைச் செய்யுள் என்றே சொல்லி அமைந்தார். டோசன் நகரிலே அவர் இருந்தெழுதிய மரக்குடிலை இன்றும் பேணி வருகின்றனர்.