குறைந்த எடை திரும்பாமலிருக்க

எடை குறைந்த உடம்புக்குக் கலோரித் தேவையும் குறைவு. பழைய அளவுக்குத் திரும்பினால் எடையும் திரும்பும்.

1. தாம்பரவாசிகள் மாலை மின்சார ரயிலில் ஒரு நிலையம் முன்பே, சானடோரியத்தில் இறங்கி நடங்கள். வீடு போய் உட்கார்ந்துவிட்டால் மறுபடி கிளம்ப மனம் வராது. எனக்குக் கைகொடுத்தது இதுதான். மழை நாளில் வீட்டுக்குள்ளேயே நடங்கள்.

2. டீக்கடையில் "சர்க்கரை வேண்டாம்" என்று முதலிலேயே சொல்லுங்கள். நாளுக்கு ஆறு டீஸ்பூன் என்றால் சுமார் 100 கலோரி.

3. சோற்றை அளந்து போடுங்கள். கண்ணளவு ஏறிக்கொண்டே போகும்.

4. வாரம் ஒருமுறை, வெறும் வயிற்றில் எடை பாருங்கள். 2 கிலோ ஏறும்போதே பிடித்துவிடலாம்.

5. இன்சுலின் போடுபவர்கள் மருத்துவரிடம் அளவைச் சரிபாருங்கள். எடை குறைந்தபின் பழைய அளவு அதிகமாகிவிடலாம்.