தொழிலாளரைக் காட்டும் படங்கள்: எப்படிப் பார்ப்பது?



தொழிற்சாலைகளைப் பற்றிய விவரணப் படங்கள் இன்று நம் வீட்டுக்குள்ளேயே வருகின்றன. உள்ளதை உள்ளபடி காட்டுகின்றன என்று நம்பிப் பார்க்கிறோம். ஆனால் கமராவை எங்கே வைப்பது என்று தீர்மானிப்பவர், நாம் எதைக் காணவேண்டும் என்பதையும் தீர்மானித்துவிடுகிறார். மூன்று படங்களைக் கொண்டு இதனை விளங்கிக்கொள்வோம்.

முதலாவது, 1895ஆம் ஆண்டு பிரான்சின் லியோன் நகரில் லூயி லூமியேர் எடுத்தது; ஒரு நிமிடத்துக்கும் குறைவானது. அவரது குடும்பத்துக்குச் சொந்தமான தொழிற்சாலையின் வாயிலால் தொழிலாளர் வெளியேறுகின்றனர். பலர் பெண்கள். இக்காட்சி ஒரு தடவைக்கு மேல் எடுக்கப்பட்டது. மூன்று வடிவங்கள் இன்றும் உள்ளன. படமெடுத்தவர் முதலாளி வீட்டார். கமரா நின்றது வெளியே. உள்ளே நடந்த உழைப்பை நாம் காண்பதில்லை.

இரண்டாவது, 1970களின் தொடக்கத்தில் லூயி மால் நெறிப்படுத்திய படம். றென் நகரில் இருந்த சிற்றுவேன் மோட்டார் தொழிற்சாலையினுள் கமரா நுழைகிறது. விளக்கம் கூறும் குரல் இல்லை. ஒரே அசைவைத் திரும்பத் திரும்பச் செய்யும் கைகளை நெடுநேரம் காட்டுகிறார். நடுவே பாரிஸ் மோட்டார் கண்காட்சி. புதிய வாகனங்களை மக்கள் தடவிப் பார்க்கின்றனர். பின்னர் மீண்டும் அதே கைகள். நமக்குச் சலிப்புத் தட்டுகிறதா? நமக்குச் சில நிமிடங்கள். அவர்களுக்கு அதுவே அன்றாட வாழ்வு.

மூன்றாவது, 2019இல் வெளிவந்த 'அமெரிக்கத் தொழிற்சாலை'. நெறியாளர்கள் ஸ்டீவன் பொக்னர், ஜூலியா றைக்கேட். ஒஹாயோ மாநிலத்தின் டேற்றன் நகருக்கு அருகே 2008இல் மூடப்பட்ட ஜெனரல் மோட்டோர்ஸ் ஆலையில், பூயாவோ என்னும் சீன நிறுவனம் வாகனக் கண்ணாடி செய்யத் தொடங்கியது. வேலை திரும்பியது, பழைய சம்பளம் திரும்பவில்லை. தொழிற்சங்கம் வேண்டுமா என்று 2017இல் நடந்த வாக்கெடுப்பில் வேண்டாம் என்போரே வென்றனர். அமெரிக்கத் தொழிலாளர், குடும்பத்தைப் பிரிந்து வந்த சீனத் தொழிலாளர், நிறுவனத் தலைவர் ஆகிய எல்லோரும் இதில் பேசுகின்றனர். தொழிலாளி இங்கே வெறும் கையல்ல. வாயும் மனமும் உடையவர்.

ஆகவே இத்தகைய படமொன்றைப் பிள்ளைகளோடு பார்த்தபின் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். கமரா யாருடைய பக்கத்தில் நின்றது? தொழிலாளி தம் வாயாற் பேசினாரா, அல்லது அவரைப் பற்றிப் பிறர் பேசினரா? செய்யப்பட்ட பொருள் நினைவில் நிற்கிறதா, செய்தவரின் முகமா?

இக்கேள்விகளோடு பார்க்கப் பழகிய பிள்ளை, நாளை கடையில் ஒரு சட்டையைக் கையிலெடுக்கும்போதும் அதனைத் தைத்தவரை எண்ணிப் பார்க்கும்.